மாஸ்டா ஆர்எக்ஸ்-8: மலிவாகக் கிடைக்கும் ரோட்டரி கூப்பேயை நம்பி வாங்கலாமா?

பழைய ஸ்போர்ட்ஸ் கூப்பே ஒன்று வாங்கலாம் என்று பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா விளம்பரங்களைப் புரட்டினால், விலை குறைந்த வரிசையில் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கட்டாயம் இருக்கும். 9,000 ஆர்பிஎம் வரை பதறாமல் சுற்றும் இன்ஜின், முன்னும் பின்னும் சரிபாதியாகப் பிரிந்த எடை, பெரியவர்கள் நான்கு பேர் உட்காரும் இடம், விரலால் திருப்பலாம் போன்ற ஸ்டீயரிங். இத்தனையும் இருந்து விலை இவ்வளவு இறங்கிக் கிடப்பதற்கு ஒரே காரணம், பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் அந்த ரோட்டரி இன்ஜின் மேல் எல்லோருக்கும் இருக்கும் பயம்.

பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பலரும் சொல்வதுபோல் இது திடீரென்று சாகிற இன்ஜின் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் முதலில் கெடுவது காயில், பிளக், பேட்டரி போன்ற சில்லறைச் சாமான்கள்தான். அவற்றைக் கவனிக்காமல் ஓட்டும்போது சேதம் படிப்படியாக உள்ளே போய் கடைசியில் இன்ஜினைத் தின்கிறது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டவர்களிடம் ஆர்எக்ஸ்-8 ஒரு லட்சம் மைலைத் தாண்டியும் ஓடுகிறது. புரியாதவர்களிடம் 60,000 மைலிலேயே இன்ஜின் வேலை, அதாவது இன்ஜினைப் பிரித்துச் செப்பனிட வேண்டிய நிலை, வந்துவிடுகிறது.

முதலில் எந்த வண்டியைப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடலாம். எஸ்இ3பி என்ற சேஸிஸ் குறியீட்டோடு 2003 முதல் 2012 வரை ஹிரோஷிமாவில் தயாரானது இந்த வண்டி. உள்ளே இருப்பது 13பி-எம்எஸ்பி, அதாவது ரெனிசிஸ் என்ற ரோட்டரி இன்ஜின். தலா 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர். ஐரோப்பாவில் இரண்டு தினுசாக விற்றார்கள்: ஐந்து கியரோடு 192 குதிரைத்திறன், ஆறு கியரோடு 231 குதிரைத்திறன். 9,000 வரை போவது இரண்டாவதுதான். முதலாவதன் எல்லை ஏறத்தாழ 7,500. இந்தியாவில் மாஸ்டா இதை விற்றதே இல்லை, மூன்று ஆண்டுக்கு மேல் பழைய வண்டியை இறக்குமதி செய்ய அங்கே விதியும் இடம் தராது. ஆகவே இது லண்டன், டொரொன்டோ, சிட்னிப் பக்கம் இருந்துகொண்டு தேடுகிறவர்களுக்கான மதிப்பீடு.

கம்ப்ரஷன் கணக்கு

ரோட்டரியில் பிஸ்டன், வால்வு, சிலிண்டர் ஹெட் எதுவும் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று ஹவுசிங்குக்குள் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகப் பட்டை, பக்கவாட்டில் வில்போல வளைந்த சைடு சீல்கள். அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவது முழுக்க இவைதான். இவை தேய்ந்தாலோ, கார்பன் படிந்து பள்ளத்தில் ஒட்டிக்கொண்டாலோ, உடைந்தாலோ கம்ப்ரஷன் போய்விடும். ஆகவே இந்த வண்டி வாங்கும்போது ஓடோமீட்டரில் என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். கம்ப்ரஷன் அளவு என்ன என்பதே முதல் கேள்வி.

சாதாரண கம்ப்ரஷன் கேஜ் இதற்கு உதவாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். அந்தக் கேஜ் மூன்றில் மிக உயர்ந்த அளவை மட்டும் பிடித்துக் காட்டும், பலவீனமான முகம் மறைந்துவிடும். மூன்று முகத்தையும் தனித்தனியே அளந்து, செல்ஃப் சுற்றும் வேகத்தையும் பதிவு செய்யும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். மாஸ்டா தரும் அளவு 250 ஆர்பிஎம்முக்கானது: புது இன்ஜினுக்கு 830 கிலோபாஸ்கல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ. குறைந்தபட்ச எல்லை 680 கிலோபாஸ்கல், அதாவது 6.9 கிலோ. ஒரே ரோட்டரின் முகங்களுக்கு இடையே 150 கிலோபாஸ்கலுக்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்கு இடையே 100 கிலோபாஸ்கலுக்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 8-க்கு மேல் ஆறு முகமும் இருந்தால் யோசிக்காமல் அடுத்த சோதனைக்குப் போகலாம். 7.0 முதல் 7.5 வரை என்றால் ஓடும், ஆனால் இன்ஜின் வேலைக்கான தொகையை இப்போதே விலையில் கழித்துக் கேட்க வேண்டிய வண்டி. மூன்று முகமும் சமமாகக் குறைந்திருந்தால் அது பொதுவான தேய்மானம். பக்கத்துப் பக்கத்து முகம் இரண்டு மட்டும் விழுந்திருந்தால் அவற்றுக்கு நடுவே உள்ள அபெக்ஸ் சீலைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு அபெக்ஸ் சீல் இரண்டு அறைகளுக்குப் பொதுவான சுவர். ஒரே ஒரு முகம் மட்டும் தாழ்ந்திருந்தால் சைடு சீல் பக்கம் பார்க்கலாம்.

சோதனையை இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. செல்ஃப் 200 ஆர்பிஎம்மில் சுற்றியதா 280-இல் சுற்றியதா என்பதைப் பொறுத்து எண்கள் மாறும்; அதனால் 250-க்குத் திருத்தாத தாள் எதையும் ஏற்கக் கூடாது. விற்பவர் தானே எடுத்து வைத்திருக்கும் பழைய தாளும் போதாது. ரோட்டரி தெரிந்த பட்டறையில் உங்கள் செலவிலேயே மறுபடி எடுத்துவிடுங்கள். அந்தச் செலவுக்குப் பயந்து விட்டவர்கள் பின்னால் கொடுத்தது அதைவிடப் பல மடங்கு.

டெஸ்டர் கைக்கு எட்டாத இடத்தில் முதல் வடிகட்டலுக்கு ஒரு வழி உண்டு. வண்டியை இருபது நிமிடம் நன்றாக ஓட்டி, அணைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டுப் பிறகு செல்ஃப் அடியுங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். சூட்டில் நீண்ட நேரம் சுற்றிப் பிறகு இருமிக்கொண்டு பிடித்தால் கம்ப்ரஷன் இறங்கிவிட்டது என்று பொருள். காலையில் குளிரில் நன்றாக ஸ்டார்ட் ஆகும் அதே வண்டி, சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பது இந்த இன்ஜினின் முதல் அபாயக் குறி. இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. ஆரம்ப கால ஆர்எக்ஸ்-8-இல் வந்த ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றும். பின்னால் வேகமானதை மாற்றிக் கொடுத்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் வேகமான ஸ்டார்ட்டர் தளர்ந்த இன்ஜினையும் ஸ்டார்ட் செய்துவிடும். சமீபத்தில் ஸ்டார்ட்டர் புதிதாகப் போட்டிருந்தால், எதற்காகப் போட்டார்கள் என்று கேளுங்கள், டெஸ்டர் அளவு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

காயிலில் தொடங்கும் சங்கிலி

ஆர்எக்ஸ்-8 பற்றி ஒரே ஒரு பத்திதான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். ரோட்டர் ஒன்றுக்கு இரண்டு பிளக், கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெயிலிங். ஆக நான்கு பிளக், நான்கு காயில். பிஸ்டன் இன்ஜினில் ஒரு காயில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பொறி கொடுத்தால் போதும். இங்கே ஷாஃப்ட் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொடுக்க வேண்டும், அதாவது இரட்டை வேலை. அதுவும் இன்ஜினை ஒட்டிய சூட்டில். அதனால் 30,000 முதல் 40,000 மைலுக்குள் பொறி பலவீனமாகிவிடும்.

பலவீனமான காயில் உடனே நின்றுவிடாது, அதுதான் ஆபத்து. மிதமான வேகத்தில் வண்டி ஒழுங்காகவே போகும். மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் 3,000, 4,000 பக்கம் லேசாக மிஸ்ஸிங் அடிக்கும். எரியாத பெட்ரோல் அப்படியே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். கன்வர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே இருக்கும் தேன்கூட்டு அமைப்பு உருகி உடைந்து வழியை அடைக்கும். புகை வெளியேற வழியில்லாமல் சூடு திரும்பி இன்ஜினுக்கே வரும். ரெனிசிஸில் எக்ஸாஸ்ட் வாய் பக்கத் தகட்டில் இருப்பதால் அந்தச் சூட்டை முதலில் வாங்குவது சைடு சீல்களும் அவற்றைத் தாங்கும் தகடும்தான். கம்ப்ரஷன் இறங்கும், செல்ஃப் பிடிக்காது, அப்போதுதான் உரிமையாளர் பட்டறைக்கு வருவார். நான்கு காயிலும் பிளக்கும் வயரும் சேர்ந்தாலும் இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

ஆகவே வாங்கிய வாரத்திலேயே நான்கு காயிலையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். கெட்டது ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் மாற்றுவது வீண், மற்ற மூன்றும் அதே வயதுதான். மாஸ்டா இந்தக் காயிலைப் பலமுறை திருத்தியிருக்கிறது. பாகத்தின் எண் என்3எச்1-18-100 என்று தொடங்கும், கடைசி எழுத்து 'சி' என்று வருவதைக் கேட்டு வாங்க வேண்டும். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் போலிகள் சில ஆயிரம் மைலிலேயே பழைய கதையைத் தொடங்கிவிடும். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகைக் காயில்களைப் பொருத்தும் கிட் பலர் கையாளும் நல்ல மாற்று. வலுவான பொறி, நீண்ட ஆயுள்.

பிளக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லீடிங்குக்கு என்ஜிகே ஆர்இ7சி-எல், டிரெயிலிங்குக்கு ஆர்இ9பி-டி. இரண்டும் ஒரே துளையில் ஏறும் என்பதால் இடம் மாறிப்போக வாய்ப்பு அதிகம். 30,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது முன் சக்கரத்தைக் கழற்றினால் நான்கும் கைக்கு எட்டும். ஹவுசிங் அலுமினியம், ஆகவே இன்ஜின் ஆறிய பிறகு கையாலேயே திருகி ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் போடுங்கள்.

பார்க்கப் போகும்போது கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைக் கையோடு கொண்டு போங்கள். பி0301, பி0302 என்றால் மிஸ்ஸிங். பி0420 என்றால் கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை. செக் இன்ஜின் விளக்கு மினுமினுக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும், அந்த நேரத்தில் ஓட்டும் ஒவ்வொரு மைலும் கன்வர்ட்டரைக் கொல்கிறது. அடைத்த கன்வர்ட்டரின் அடையாளம் 6,000-க்கு மேல் வண்டி மூச்சு முட்டுவது. தட்டிப் பார்த்தால் உள்ளே கலகலக்கும். அதைக் கழற்றி வெறும் குழாய் போட்டிருக்கும் வண்டிகள் நிறைய உண்டு. பிரிட்டனில் அப்படி எம்ஓடி என்ற வருடாந்தரச் சோதனையில் தேறாது, அதனால் பழைய கன்வர்ட்டர் எங்கே என்றும் கேட்க வேண்டும்.

பிளக் நனைந்து நிற்பது

வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு நகர்த்த ஸ்டார்ட் செய்து, பத்து நொடியில் அணைத்தால் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். குளிர்ந்த இன்ஜினுக்குக் கணினி தாராளமாகப் பெட்ரோல் ஊற்றும். அது எரியும் முன் அணைத்துவிட்டால் பிளக் நனையும். அதைவிட மோசம், சீல்களின் மேலிருந்த ஆயில் படலத்தையும் பெட்ரோல் கழுவிவிடும். படலம் போனால் கம்ப்ரஷன் போகும், ஸ்டார்ட் செய்யச் செய்ய இன்னும் பெட்ரோல் சேரும்.

தவிர்க்கும் வழி எளிது. ஸ்டார்ட் செய்தால் சூட்டு முள் நடுவுக்கு வரும் வரை ஓடவிடுங்கள். முடியாது என்றால் 3,000 ஆர்பிஎம்மில் பத்து நொடி பிடித்து, இறங்கும்போது சாவியை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே நனைந்துவிட்டால் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அந்த நிலையில் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் உள்ளே போய் உலர்த்தும். ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் ஸ்டார்ட்டர் ஆறட்டும். அதற்கும் மசியவில்லை என்றால் கீழ் பிளக் இரண்டையும் கழற்றி உலர்த்தி, பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டுச் சுற்றவிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பூட்ட வேண்டும். பிடித்ததும் வெள்ளைப் புகை கிளம்பும், பயப்பட வேண்டாம், கொஞ்ச தூரம் ஓடினால் நின்றுவிடும். இவ்வளவுக்கும் அடிப்படை முழுச் சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரி. தளர்ந்த பேட்டரியோடு ரோட்டரியை வைத்திருப்பது தொல்லையை விலைக்கு வாங்குவது.

ஆயில்

இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும். அது கோளாறு கிடையாது, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சீல்கள் தேயாமல் இருக்க ஒரு பம்ப் சம்ப்பில் இருந்து ஆயிலை எடுத்து ஹவுசிங்குக்குள் சொட்டுச் சொட்டாக விடுகிறது, அது பெட்ரோலோடு எரிகிறது. இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப் ஸ்டிக் பார்ப்பது பழக்கமாக வேண்டும். "என் வண்டி ஆயிலே குடிப்பதில்லை" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அது கெட்ட செய்தி. பம்ப்போ குழாயோ அடைத்திருக்கலாம், சீல்கள் காய்ந்துகொண்டிருக்கலாம்.

2008 வரை வந்த முதல் தொடரில் ஆயில் விழுவது ஹவுசிங்கின் இரு ஓரத்தில். அபெக்ஸ் சீலின் நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும், தேய்மானம் அங்கேதான் தெரியும். இதற்காகத்தான் பல உரிமையாளர்கள் பெட்ரோலோடு டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கிறார்கள். லிட்டருக்கு 4 மில்லி, அதாவது 50 லிட்டருக்கு 200 மில்லி போதும். புகை அடங்கிய, சாம்பல் குறைந்த ஜாசோ எஃப்டி தர ஆயிலாக இருக்கட்டும். பெட்ரோல் போடும் முன் டாங்க்கில் ஊற்றினால் தானே கலந்துவிடும். முதல் தொடர் வண்டிக்கு இதை நாங்கள் தயங்காமல் சிபாரிசு செய்வோம்.

ஆயில் மாற்றுவது 3,000 முதல் 4,000 மைலுக்கு ஒருமுறை. ஃபில்டரோடு சுமார் மூன்றரை லிட்டர் பிடிக்கும். ஆயில் கூலருக்குள் இருக்கும் மீதி வடியாது. ஐரோப்பாவில் 5டபிள்யூ-30, அமெரிக்காவில் 5டபிள்யூ-20 என்பது மாஸ்டாவின் பரிந்துரை. குளிர்காலத்தில் ஆயில் ஊற்றும் குழாயில் வெண்ணெய்போல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்து ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று வண்டியை விட்டு ஓடியவர்கள் உண்டு. இந்த இன்ஜினில் ஹெட்டே கிடையாது. நீளமான அந்தக் குழாயில் ஈரம் உறைவதுதான் காரணம், நீண்ட தூரம் ஓட்டினால் போய்விடும். அதைவிடக் கவனிக்க வேண்டியது முன் பம்பருக்குக் கீழே போகும் ஆயில் கூலர் குழாய்கள். உப்புத் தூவும் சாலைகளில் இவை துருப்பிடித்து, உலோகமும் ரப்பரும் சேரும் இடத்தில் கசியத் தொடங்கும்.

மெதுவாக ஓட்டிப் பாதுகாப்போம் என்று நினைப்பதும் இங்கே தவறு. எப்போதும் 3,000-க்குள் ஓட்டினால் கார்பன் படியும். காற்று உள்ளே வரும் இன்டேக் பாதையில் 3,750 பக்கம் திறக்க வேண்டிய வால்வு கார்பனில் ஒட்டிக்கொண்டால் அதற்கு மேல் பிக்-அப் செத்துவிடும். இன்ஜின் முழுதாகச் சூடான பிறகு நாளுக்கு ஒருமுறை ரெட்லைன் வரை கொண்டுபோவது இந்த வண்டிக்கு மருந்து.

சூடு

ஹவுசிங் அலுமினியம், பக்கத் தகடுகள் இரும்பு. அதிகம் சூடானால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரியும், நடுவில் இருக்கும் கூலன்ட் சீல் போய்விடும். ஒரே ஒரு முறை நன்றாக ஓவர்ஹீட் ஆனால் இன்ஜின் வேலை நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். டாஷ்போர்டு முள்ளை நம்ப முடியாது. அது நடுவிலேயே நின்றுவிட்டு, காரியம் கெட்ட பிறகுதான் ஏறும். ஓபிடி என்ற சோதனை சாக்கெட் வழியாக உண்மையான வெப்பநிலையைக் காட்டும் சின்னக் கருவி ஒன்று பொருத்திக்கொள்ளுங்கள். 105 டிகிரியைத் தொட்டால் வேகம் குறைக்க வேண்டும், அதற்கு மேல் ஏறினால் ஓரம் கட்ட வேண்டும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பக்கமும் கூலன்ட் பாட்டிலும் வயதானால் விரிசல் விடும். பாட்டிலுக்குள் இருக்கும் லெவல் சென்சார் பொய்யாகவும் எரியும், எனவே விளக்கு எரிந்தால் முதலில் கண்ணால் பாருங்கள். மட்டம் உண்மையாகவே இறங்குகிறது, வெளியில் எங்கும் கசிவு இல்லை, பாட்டிலில் குமிழி வருகிறது என்றால் சீல் போயிற்று.

இன்ஜினைத் தவிர மற்றவை

இங்கே நல்ல செய்தி. கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், பிரேக் எல்லாம் உறுதியானவை. முதல் தொடரில் கிளட்ச் பெடல் பிராக்கெட்டின் வெல்டிங் விரிசல் விடுவது மட்டும் பரவலானது. கியர் விழ அடம்பிடித்தால் கிளட்ச்சைப் பழிக்கும் முன் ஒருவர் பெடலை அழுத்த, இன்னொருவர் டார்ச் அடித்து அந்தப் பிராக்கெட் வளைகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் மின்சாரத்தில் இயங்குவது. திடீரென்று கனத்தால் பெரும்பாலும் கனெக்டரில் அல்லது எர்த்தில் துரு. பிரிட்டிஷ் வண்டிகளில் பின் சக்கர வளைவும் கதவுக்கு அடியில் இருக்கும் சில் பகுதியும் துருப்பிடிக்கும், அலைன்மென்ட் போல்ட்கள் இறுகிக்கொள்ளும். டகாட்டா ஏர்பேக், முன் பால் ஜாயின்ட், பெட்ரோல் பம்ப் ஆகியவற்றுக்கு ரீகால் வந்திருக்கிறது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து எல்லாம் முடிந்ததா என்று மாஸ்டாவிடமே கேட்டுவிடலாம்.

"இன்ஜின் வேலை முடிந்த வண்டி"

விளம்பரத்தில் அடிக்கடி வரும் வாசகம் இது. பில் இல்லாமல் இதற்குத் துளியும் மதிப்பில்லை. பில்லில் பார்க்க வேண்டியது ஹவுசிங் புதிதா, பழையதையே போட்டார்களா என்பது. ஹவுசிங்கின் உள் முலாம் தேய்ந்திருந்தால் புது அபெக்ஸ் சீல் போட்டும் பலனில்லை, சீக்கிரம் திரும்ப வரும். பக்கத் தகடுகளைச் சமன் செய்தார்களா, கூலன்ட் சீல், ஸ்பிரிங், பேரிங் மாற்றினார்களா என்பதும் எழுதியிருக்க வேண்டும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: அதே சமயத்தில் காயில்களையும் கன்வர்ட்டரையும் மாற்றினார்களா? பழைய இன்ஜினைக் கொன்ற காயிலும் அடைத்த கன்வர்ட்டரும் புது இன்ஜினிலும் அப்படியே இருந்தால் அதன் ஆயுள் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான வண்டிகளின் இன்ஜின் கோருக்கு மாஸ்டா 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் நீட்டித்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது, ஆனால் அதன் கீழ் மாற்றப்பட்ட இன்ஜின் கொண்ட வண்டிகளுக்கு டீலர் பதிவு இருக்கும்.

எதை வாங்குவது

பணம் அனுமதித்தால் இரண்டாம் தொடர், அதாவது 2009 மாடல் முதல் வந்தவை. ஆயில் ஹவுசிங்கின் நடுவிலும் விழும்படி ரோட்டருக்கு மூன்றாவது இன்ஜெக்டர் சேர்த்தார்கள், ஆயிலைக் கொண்டுவரும் பம்ப்பை மின்சாரத்தில் இயங்க வைத்தார்கள், ஆயில் அழுத்தத்தையும் கூட்டினார்கள். முதல் தொடரின் உண்மையான குறையைத் தொட்ட திருத்தங்கள் இவை. பில்ஸ்டீன் டேம்பரும் 19 அங்குலச் சக்கரமும் ரெகாரோ சீட்டும் கொண்ட ஆர்3 கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் காயில் கதை இரண்டாம் தொடருக்கும் பொருந்தும்.

முதல் தொடரில் 192-ஆ 231-ஆ என்றால், தினமும் நகருக்குள் ஓட்டுபவருக்கு 192 பொருத்தம். இழுவை கொஞ்சம் கீழேயே கிடைக்கும். ரோட்டரியின் சுகத்துக்காகவே வாங்குபவர் 231-ஐ எடுக்க வேண்டும், இழுவை 211 நியூட்டன் மீட்டர்தான் என்பதால் அதை 6,000-க்கு மேல் வைத்து ஓட்டினால்தான் ருசி தெரியும். அமெரிக்காவின் ஆரம்ப கால ஆட்டோமேட்டிக்கைத் தவிர்த்துவிடலாம். அதிகம் சுற்றாமல் ஓடிய ரோட்டரி என்பதால் கார்பனும் அதிகம், ஆயில் கூலரும் ஒன்றே ஒன்றுதான்.

பெட்ரோல் செலவை மறைக்க முடியாது. கலந்து ஓட்டினால் லிட்டருக்கு 7 கிலோமீட்டர், நகருக்குள் மட்டும் என்றால் 5 அல்லது 6. பிரிட்டனில் வாங்குவோர் பதிவுத் தேதியையும் பார்க்க வேண்டும்: 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான வண்டிக்குச் சாலை வரி 'கே' வகையோடு நின்றுவிடும், அதற்குப் பின் பதிவானால் உச்சமான 'எம்'. வருடத்துக்கு நூற்றுக்கணக்கான பவுண்டு வித்தியாசம்.

ஒரு மைல் தூர வேலைக்குக் காலையும் மாலையும் ஓட்ட வண்டி தேடுகிறவருக்கு இது வேண்டவே வேண்டாம். இன்ஜின் சூடாகும் முன்னே அணைந்துவிடும், மேலே சொன்ன எல்லாக் கேடும் அங்கிருந்து தொடங்கும். வாரத்தில் இரண்டு மூன்று முறை முப்பது மைல் ஓட்டக்கூடிய, டிப் ஸ்டிக் பார்க்கச் சலிக்காத, இன்ஜின் வேலைக்கு ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவைக்கக்கூடிய ஒருவருக்கு, ஆறு முகமும் 7.5-க்கு மேல் காட்டும் 231 வண்டி ஒன்று கிடைத்தால் வாங்கச் சொல்வோம். காயில், பிளக், வயர், ஆயில், கூலன்ட், பேட்டரி ஆகியவற்றின் விலையைக் கூட்டி, அதைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.